கலியாணக் கார் விற்பனைக்கு

1

போன சனிக்கிழமை என் கணவரின் காரை விற்றேன். கார் விற்றதையெல்லாம் ஒரு விஷயமென்று ஊருக்கு எழுதுகிறாளே, டோர்ட்மண்டில் இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் கிழமைக்கு ஐந்து நாள் கட்டில் விரிப்பு மடிக்கிறேன். ஆனால் இன்னும் மூன்று கிழமையில் அவருடைய முதலாம் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் போலிருக்கிறது.

அவர் பெயர் சிவராசா. இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சனத்துக்குச் சிவா அண்ணை. மற்றவர்கள் வீடு வாங்க, நகை வாங்க, ஊரில் காணி வாங்க, இவர் மட்டும் பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்கினார். கம்பனியின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும், விடுகிறேன். எங்களை விடக் கொஞ்சம்தான் இளமையான கார். இரண்டு கதவு, நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர், நல்ல மஞ்சள் நிறம். ஸ்டார்ட் பண்ணினால் மேல்வீட்டுக்காரியின் அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். "உதை ஏன் வாங்கினீங்கள்?" என்று கேட்டேன். "சும்மா ஒரு ஆசை" என்றார். அதற்குமேல் ஒரு விளக்கமும் அந்த மனிசனிடமிருந்து கடைசிவரை வரவில்லை.

ஒருநாள் யாரோ ஒருவருடைய கலியாணத்துக்கு வாடகைக்குப் பிடித்த வெள்ளைக் கார் வராமல் விட்டது. மணமகள் அலங்காரத்தோடு வாசலில் நிற்கிறாள், தகப்பன் போனும் கையுமாய்ப் பதறுகிறார். இவர் ஓடிப்போய் மஞ்சள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றோடு அது கலியாணக் கார் ஆகிவிட்டது. மஞ்சள் மங்களம் என்று சனம் தானாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்தது. கலியாணம், பெரியபிள்ளையான சாமத்தியவீடு, எதுவென்றாலும் "சிவா அண்ணை, கார் வேணும்". காசு வாங்கமாட்டார். வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாய்த் தானே ஓட்டிப்போவார். எஞ்சின் போடும் சத்தத்தில் தன்ரை வாசிப்பு ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்று ஒரு நாதஸ்வரக்காரர் இவரோடு சண்டைக்கே வந்தார்.

போன வருடம் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர், எழும்பவில்லை.

நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வரவில்லை. செத்தவீட்டில் சுற்றியிருந்த பெண்கள் "அழு சாந்தி, அழாட்டி உள்ளுக்குள்ளை கட்டிப்போடும்" என்று முதுகைத் தடவினார்கள். ஒருத்தி தொடையில் கிள்ளியும் பார்த்தாள். வீட்டு டொக்டர் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அங்கே போன் எடுத்தால், டெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்கும் நாள், அடுத்த வருடம்தான் என்றார்கள். இந்த நாட்டில் துக்கமும் வரிசையில்தான் நிற்கவேண்டும். சரி என்று பெயரைக் கொடுத்துவிட்டு விரிப்பு மடிக்கப் போனேன்.

கண்ணீரோடு சேர்ந்து நாக்கும் போய்விட்டது. எது வாயில் வைத்தாலும் கஞ்சிதான். உப்பு தெரியவே தெரியாது, கைப்பழக்கத்தில் அள்ளிப் போடுவேன். கூட வேலை செய்யும் போலந்துக்காரிக்கு ஒருநாள் கடலைக்கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவள், பாவம், மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

எங்கள் ஒரே மகள் தர்சினி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. பான் நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருவாள், போட்டதைச் சாப்பிடுவாள், ஒரு பெரிய போத்தல் தண்ணீர் குடிப்பாள், ரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போவாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சோறு கறியில் என்ன அக்கறை என்று நினைத்துக்கொள்வேன்.

2

தர்சிக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை யோனாஸ் என்ற ஜேர்மன் பொடியன், அவளோடு வேலை செய்பவன். அவர் இருக்கும்போதே பேசி முடித்த விஷயம்தான். "ஆரைக் கட்டினாலும் சரி பிள்ளை. மண்டபத்துக்கு என்ரை காரிலை நான்தான் கொண்டுபோய் இறக்குவன். அது ஒண்டுதான் கொண்டிசன்" என்றார். யோனாஸ் தலையை ஆட்டினான். அவனுக்குக் காரைப் பார்த்ததிலேயே பாதி விளங்கிவிட்டது.

அவர் போனபின் டுசல்டோர்ஃபிலிருந்து மச்சாள், அதாவது அவருடைய தமக்கை, போன் எடுத்தா.

"சாந்தி, நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதை. தாரை வாக்கிறதுக்கு நானும் அத்தானும் நிக்கிறம். நீ மணவறைப் பக்கம் வரேலாதுதானே. பின்னாலை ஒரு கதிரையிலை இருந்து வடிவாப் பார். அறுகரிசியும் நீ போடாதை என்ன. பிள்ளையின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"ஓம் மச்சாள்" என்றேன்.

மச்சாள் கெட்ட மனிசி இல்லை. செத்தவீட்டில் என் தலையைத் துவட்டிவிட்டவ அவதான். முறை என்று தான் அறிந்ததைச் சொல்கிறா, நானும் அதையே அறிந்து வளர்ந்தவள். ஆனால் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். எனக்குப் பட்டுச்சேலை ஆசையோ முன்வரிசை ஆசையோ இருந்ததில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆசைதான். அவள் மணப்பெண்ணாய் இருக்கும்போது அறுகம்புல்லும் மஞ்சளும் கலந்த அந்த அரிசியை இரண்டு கையாலும் அள்ளி, முழங்காலிலும் தோளிலும் தலையிலும் போட்டு, நல்லாயிரு என்று சொல்லவேண்டும். இனி அது இல்லை. சரி, இல்லைதான் என்று போனை வைத்தேன். நோகவேண்டிய இடத்தில் நோகவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய்போல ஒரு மரப்பு.

கொஞ்ச நாளில் தர்சி போன் எடுத்தாள்.

"அம்மா, மண்டபக் கலியாணம் வேண்டாம். ஸ்டாண்டெசாம்டிலை கையெழுத்து வச்சிட்டு எங்கையாவது போய்ச் சாப்பிடுவம். எட்டுப் பேர் காணும்." ஸ்டாண்டெசாம்ட் என்பது இங்கே விவாகப் பதிவு செய்யும் கந்தோர்.

"ஏன் பிள்ளை?"

"ஸ்ட்ரெஸ் அம்மா. அவ்வளவுதான்."

மச்சாளுக்குச் சொன்னேன். "பாத்தியே, நான் அப்பவே சொன்னனான். இனி உவள் எங்கடை பிள்ளை இல்லை, ஜேர்மன்காரி" என்றா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும், மேடையில் தேவாரம் பாட விட்டதும் நினைவுக்கு வந்தன. எல்லாம் ரைன் ஆற்றில் போட்ட உப்பு. மண்டபம் இல்லையென்றால் கலியாணக் காரும் தேவையில்லை. கராஜ் சொந்தக்காரனும் இடத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். "விப்பம் பிள்ளை" என்றேன். "ஓம் அம்மா, விப்பம்" என்றாள் உடனே. ஒரு நிமிடமாவது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

3

இங்கே பழைய காரைக் கடைக்காரனிடம் கொடுத்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் தர்சி படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டாள். விசாரிக்க என்னுடைய நம்பர்.

ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள். வணக்கம் இல்லை, பெயர் இல்லை, "கடைசி விலை என்ன?" என்று மட்டும் குறுஞ்செய்தி வரும். இன்னும் முதல் விலையே பேசவில்லை, அதற்குள் கடைசி விலை. ஒருவன் காருக்குப் பதிலாக ஒரு படகு தருகிறேன் என்றான். சலவை மடிக்கிறவளுக்குப் படகு எதற்கு? இன்னொருவனுக்கு எஞ்சின் மட்டும் வேண்டுமாம், மற்றதை நானே வைத்திருக்கலாமாம்.

ஒருநாள் ஒரு கிழவர் போன் எடுத்து, "உங்கள் கணவரோடு பேசலாமா?" என்று ஜேர்மனில் கேட்டார். எனக்கு "செத்துப்போனார்" என்று சொல்ல வாய் வராது. நம் வழக்கப்படி அவர் போய்விட்டார் என்றேன். கிழவர் சிரித்தார். "கவலைப்படாதீர்கள். என் மனைவியும் இரண்டு முறை போனாள். காரை விற்கிறீர்கள் என்று கேள்விப்பட்டால் உங்கள் ஆள் ஓடி வருவான் பாருங்கள்!" என்றார். திருத்திச் சொல்ல எனக்குத் தென்பு இல்லை. "வந்தால் சொல்லுகிறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் நிமிர்ந்து பார்த்தேன். பைத்தியம்தான்.

டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு தமிழ்ப் பொடியனும் எடுத்தான். மணவறை சோடிக்கும் தொழில் செய்பவன், காரை நன்றாகத் தெரியும்.

"அக்கா, உந்தக் காரை எனக்கே தாங்கோ. என்ரை அண்ணாவே உதிலைதான் மாப்பிள்ளையாப் போனவர். அண்ணை எங்கை, அவரோடை ஒருக்காக் கதைக்கலாமோ?"

"அண்ணை மோசம் போயிட்டார் தம்பி. வருசமாகப் போகுது."



"ஐயோ அக்கா, எனக்குத் தெரியாது. அப்ப... அக்கா, குறை நினைக்காதேங்கோ, கலியாணத்துக்கு விடுற கார். சனம் கேட்டா என்னெண்டு சொல்லுறது? நான் யோசிச்சிட்டு எடுக்கிறன்."

எடுக்கவில்லை. எடுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். எத்தனை பெண்களைச் சிரித்த முகத்தோடு சுமந்த கார், ஓட்டியவர் செத்ததும் ஆகாத கார் ஆகிவிட்டது. எனக்கும் அதுக்கும் ஒரே நிலைதான். கோபம் வந்திருந்தால் நல்லாயிருக்கும், அதுவும் வரவில்லை.

4

விற்பதற்குக் கார் என் பெயரில் இருக்கவேண்டும். அதற்கு வாகனப் பதிவுக் கந்தோரில் ஒரு டெர்மின். டெர்மின் எடுக்க இணையத்தில் ஒரு அந்த்ராக், அதாவது விண்ணப்பம். விண்ணப்பத்தில் காரின் சொந்தக்காரர் கையெழுத்து வைக்கும் கட்டம் ஒன்று. சொந்தக்காரரைச் சாம்பலாக்கிக் கரைத்தாயிற்று.

கந்தோரில் இருந்த பெண் இளையவள், நகத்துக்கு நல்ல பச்சைப் பூச்சு. மரணச் சான்றிதழ், வாரிசுப் பத்திரம், காரின் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "சொந்தக்காரர் ஏன் நேரில் வரவில்லை?" என்று கேட்டாள். நான் மரணச் சான்றிதழை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினேன். பார்த்தாள், முகம் சிவந்தது. "மன்னிக்கவேண்டும், இதைக் கட்டாயம் கேட்கவேண்டும் என்று இருக்கிறது" என்றாள். பரவாயில்லை என்றேன். இந்த ஒரு வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

முப்பது வயது தாண்டிய காருக்கு இந்த நாடு இலக்கத்தகட்டின் முடிவில் ஒரு எழுத்துப் போட்டு மரியாதை கொடுக்கிறது. வரியிலும் சலுகை. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே மாரடிக்கும் எங்களுக்கு அப்படி ஒரு எழுத்தும் இல்லை என்று அவர் பகிடி விடுவார். அந்தத் தகட்டைக் கையில் வாங்கியபோது அந்தப் பகிடி நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

5

கடைசியில் வந்தவர் ஹெர் நோவாக். பக்கத்து ஊர், வீடுகளுக்கு வெப்பமூட்டி பொருத்தும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை வரவா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஊசிகூட வெளியே போகாது என்றேன். விளங்கியதோ இல்லையோ, அப்போ சனி என்றார். சனியும் திறமான நாள் இல்லைதான், என்ன செய்வது.

தர்சி காலையிலேயே பானிலிருந்து வந்துவிட்டாள். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்திருந்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், வழக்கம்போல் போத்தல் தண்ணீரையும் முடித்தாள். பிறகு இருவரும் கராஜுக்கு நடந்தோம். கதவைத் தூக்கியதும் அவரின் மணம், பெற்றோலும் சந்தனக்குச்சியும் கலந்தது, முகத்தில் அடித்தது. தர்சி உள்ளே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். காரைத் தொடவும் இல்லை.

நோவாக் ஒரு டோர்ச், ஒரு காந்தம், முழங்காலுக்குப் போட ஒரு பழைய பாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் காரின் உடம்பெல்லாம் ஒற்றிப் பார்த்தார். தகரத்தில் ஒட்டும், ஓட்டையை மறைக்கப் பூசிய பூச்சுமாவில் ஒட்டாது என்று விளக்கினார். எஞ்சினைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தபோது, "சும்மா ஒரு ஆசை" என்றதன் அர்த்தம் எனக்குக் கொஞ்சம் விளங்கினாற்போல் இருந்தது.

அப்புறம் முன்சீட்டின் காலடிக் கம்பளத்தை அமத்திப் பார்த்தவர், "ஈரம்" என்றார். கம்பளத்தைத் தூக்கினார். கீழே தகரம் கறள் பிடித்து இற்று, ஒரு இடத்தில் நிலமே தெரிந்தது.

முன்கண்ணாடிக்குக் கீழே, மூக்குத் தகரம் தொடங்கும் இடத்தில், காற்றுப் போவதற்குச் சல்லடைபோல வெட்டு வெட்டாய் இருக்கும். நோவாக் ஒரு போத்தல் தண்ணீரை அதற்குள் மெதுவாக ஊற்றினார். அந்தத் தண்ணீர் முன்சில்லுக்குப் பின்னால் நிலத்தில் ஓடவேண்டுமாம். ஓடவில்லை. காருக்குள்ளே சொட்டுச் சொட்டாய் விழுந்தது. "ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது" என்று முன்சீட்டுப் பக்கம் குனிந்து, காலடியில் இருந்த சின்னக் காற்றுக் கதவைத் திறந்து கையை விட்டார்.

சரசரவென்று அரிசி கொட்டியது.

முதலில் கறுத்துப் பிசுபிசுத்த களியாய், பிறகு காய்ந்த மணிகளாய், கைகையாய் வந்தது. மேலே கிடந்தவற்றில் மஞ்சள் நிறம் இன்னும் இருந்தது. காய்ந்த அறுகம்புல், ரோசாப்பூ இதழ், ஒரு சின்னத் தங்கநிறச் சரிகைத் துண்டு. நோவாக் பயந்துபோய்க் கையை இழுத்தார். "எலிகளா? எலிகள் சேர்த்து வைத்திருக்கின்றனவா?"

தர்சி வந்தாள். அதுவரை வாசலில் நின்றவள் ஓடிவந்து நிலத்தில் முழங்காலில் இருந்தாள்.

"அம்மா, வைப்பர்!" என்றாள். "அப்பா வைப்பர் போடுவார், ஞாபகமிருக்கே?"

இருந்தது. கலியாணம் முடிந்து சோடி காரில் ஏறியதும், மிச்ச அறுகரிசியையும் பூவையும் சனம் காரின்மேல் வாரி எறியும். முன்கண்ணாடி மறைத்துவிடும். தர்சி அந்த நாட்களில் சின்னப்பிள்ளை, தகப்பனுக்குத் துணையாய் முன்சீட்டில் இருந்து போனவள். இறங்கித் தட்டிவிட்டு வாங்கோ என்றால், "ஆசீர்வாதத்தை உதறக் கூடாது பிள்ளை, அது காரிலையே கிடக்கட்டும்" என்று வைப்பரைப் போட்டு மெதுவாக ஒதுக்கிவிட்டு ஓட்டுவாராம். ஒதுக்கிய அரிசி எல்லாம் நேரே அந்தச் சல்லடைக்குள். பிறகு சீட்டைத் துடைப்பார், சில்லைத் துடைப்பார், கண்ணாடியை மினுக்குவார். அந்தச் சல்லடைக்குள் குனிந்து பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

தர்சி நோவாக்குக்கு ஜேர்மனில் விளக்கினாள். இது வாழ்த்தும் அரிசி, இந்த ஊர்த் தமிழர்களின் கலியாணமெல்லாம் இதற்குள் கிடக்கிறது என்றாள். அவர் ஓட்டை விழுந்த தகரத்தையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியென்றால் உங்கள் ஆசீர்வாதம்தான் காரின் அடித்தட்டைத் தின்றிருக்கிறது" என்றார்.

தர்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. நோவாக் எழும்பி, பாயை மடித்துக்கொண்டு, ஒப்பந்தத் தாளை வாசிப்பதுபோல வெளியே போய் நின்றார். நல்ல மனிசன்.

தர்சி களியை ஒதுக்கிவிட்டு, மேலே கிடந்த காய்ந்த மஞ்சள் அரிசியை இரண்டு கையாலும் அள்ளினாள். திறந்த கதவோடு, முன்சீட்டில் பக்கவாட்டாக, கால்களை வெளியே நீட்டி இருந்தாள். கையை என்னிடம் நீட்டினாள்.

"போடுங்கோ அம்மா."

"என்னத்தை?"

"எனக்கு. அறுகரிசி போடுங்கோ."

"உனக்கென்ன விசரே? ஊத்தை அரிசி. அதோடை நான் போடக் கூடாது பிள்ளை."

"தெரியும். டுசல்டோர்ஃப் மாமி சொன்னவ."

"உனக்குமோ சொன்னவ?"

"எனக்குத்தான் முதல் சொன்னவ. அம்மாவைப் பின்னுக்கு இருத்துவம், நீ கவலைப்படாதை எண்டு. அதுக்குப் பிறகுதான் நான் மண்டபம் வேண்டாம் எண்டனான். நீங்கள் பின்னுக்கு இருக்கிற கலியாணம் எனக்கு எதுக்கு?"

"ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன சொல்லுவீங்கள்? பரவாயில்லை பிள்ளை எண்டுவீங்கள். பேசாமல் போய்ப் பின்கதிரையிலை இருந்திடுவீங்கள்."

உண்மைதான். அப்படியேதான் செய்திருப்பேன். இந்தப் பிள்ளையையா ஜேர்மன்காரி என்றோம் என்று நினைத்தேன்.

"மாமிக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டேன்.

"மாமி இஞ்சை இல்லை. அப்பா சேத்த அரிசி, அப்பான்ரை கார், நான் அதுக்குள்ளை இருக்கிறன். போடுங்கோ, கார் வாங்க வந்த அந்தாள் வெளியிலை பாத்துக்கொண்டு நிக்கிறார்."

வேலைக்குப் போடும் ஜக்கெட்டோடு நின்றேன். சேலை இல்லை, பொட்டு இல்லை, மேளம் இல்லை. அவள் கையிலிருந்த அரிசியை என் கையில் வாங்கினேன். யார் யார் யாருக்கோ போட்ட அரிசி. குனிந்து அவள் முழங்காலில் போட்டேன். காற்சட்டையில் பட்டு உருண்டு நிலத்தில் விழுந்தது. தோளில் போட்டேன். தலையில் போடும்போது கொஞ்சம் சறுக்கி அவளுடைய கண்ணில் பட்டது.

"நல்லாயிரு" என்றேன்.

"இன்னொருக்கா" என்றாள்.

மூன்று முறை போடுவதுதான் முறை. மூன்று முறையும் போட்டேன். அப்போதும் என் கண் காய்ந்துதான் இருந்தது.

நோவாக் விலையைக் குறைத்துக் கேட்டார். எவ்வளவு என்று எழுதப்போவதில்லை, அடித்தட்டு மாற்றும் கூலிக்கு நியாயமான குறைப்புத்தான். தர்சி மறுபேச்சுப் பேசவில்லை. கையெழுத்து வைத்தோம். திறப்பைக் கொடுக்கும்போது, மிச்சம் கிடக்கும் அரிசியைத் தான் துப்புரவாக்கிவிடலாமா என்று கேட்டார். ஆக்குங்கள், ஆனால் குப்பைத் தொட்டியில் போடாமல் தோட்டத்தில் மரத்தடியில் போடுங்கள் என்று தர்சியைக் கொண்டு அவருக்குச் சொல்லுவித்தேன். தன்னிடம் ஒரு அப்பிள் மரம் இருப்பதாகச் சொன்னார். மஞ்சள் கார் கராஜ் வரிசையைத் தாண்டி, தெருவளைவில் திரும்பும்வரை சத்தம் கேட்டது.

6

தர்சி அன்றே பானுக்குப் போய்விட்டாள். அடுத்தநாள் யோனாஸின் தாய்க்குப் பிறந்தநாளாம். நான் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். வழக்கம்போல ஒன்றும் தோன்றவில்லை. அரிசிக் கறுப்பு நகத்துக்குள் இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, ரெயினிலை பக்கத்திலை ஒரு வயசான மனிசி இருந்தவ. தலைமயிருக்குள்ளை என்ன எண்டு கேட்டவ."

"வீட்டை போய்த் தலை முழுகு பிள்ளை. தட்டி விட்டியோ?"

"இல்லை. இண்டைக்கு எனக்குக் கலியாணம் எண்டு சொன்னனான். எழும்பி நிண்டு கைகுடுத்தவ அம்மா."

"அப்ப ஆவணியிலை?"

"ஆவணியிலை சும்மா கையெழுத்து. அதுக்கு நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருப்பீங்கள். மாமியையும் கூப்பிடுவம், அவவுக்கும் ஒரு கதிரை போடுவம். சரி, ரெயின் ரனலுக்குள்ளை போகப்போகுது, வைக்கிறன்."

போனை மேசையில் வைத்தேன். அவளுக்குச் சமைத்ததில் மீதி அடுப்படியில் இருந்தது. ஒரு கோப்பையில் சோறு போட்டு, பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் விட்டுக் குழைத்து ஒரு வாய் வைத்தேன்.

துப்பிவிட்டேன். உப்பு. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்ததுபோல வாயெல்லாம் கசக்கும் உப்பு. திரும்ப ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆம், உப்புத்தான், நன்றாகத் தெரிந்தது.

இதைத்தான் அவள் மத்தியானம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இந்த ஒரு வருடமாக வந்த நாளெல்லாம், ஒரு சொல் சொல்லாமல், ஒரு முகம் சுழிக்காமல், தண்ணீரைக் குடித்துக் குடித்து என் பிள்ளை இதைத் தின்றிருக்கிறாள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பெரிதாய் அழத் தொடங்கினேன்.